தந்தையின் பூட்டும் மைந்தனின் சாவியும்

(அட்சய திருதியை விழாவில், ‘ஆதிபகவன் அருளிய அறுதொழில்’ என்னும் பொருளில் நடைபெற்ற உரையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கற்பகத் தருக்கள் வளங்குன்றிய காலத்தில், உண்ணவும் உடுக்கவும் வழியறியாத மக்கள் நாபி மன்னரின் மைந்தராகிய ஆதிபகவனை அணுகி முறையிட்டனர் என்றும், அப்பெருமான் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை அவர்களுக்கு வகுத்தருளினார் என்றும் நம் புராணங்கள் கூறுகின்றன. அப்பெருமானின் நெடிய நோன்பு கருப்பஞ்சாற்றால் நிறைவெய்திய இந்நாளில், அவர் வகுத்த தொழில்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக்குழுவினர் எண்ணியது பொருத்தமே. உழவைப் பற்றிப் பேசியவர் நம் அனைவர் வீட்டுக் கதையையும் பேசினார். எழுத்தைப் பற்றிப் பேசிய அம்மையார் ஓலைச் சுவடிகளை நம் கண்முன் விரித்தார். எனக்கு ஒதுக்கப்பட்டது சிற்பம். சிற்பம் என்றவுடன் கல்லில் வடித்த திருமேனிகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அறுதொழிலுள் வரும் சிற்பம் என்னும் சொல் கைவினை அனைத்தையும் குறிப்பது. குயவரின் சக்கரமும் கொல்லரின் உலையும் அதனுள் அடங்கும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சாவி. விழாக்குழுவினரிடம் இதனைச் சொன்னபோது இருவர் சிரித்தனர். அவர்களும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஏன் சாவி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஜினாலயத்தில் உலோகத் திருமேனிகளை வைத்துக் காக்கும் அறைக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன. இரண்டும் வெவ்வேறு சாவிகளால் திறப்பவை. ஒன்று உபாத்தியாயர் வீட்டில் இருக்கும். மற்றொன்று எங்கள் வீட்டில். ஒருவர் மட்டும் வந்து அறையைத் திறக்க இயலாது. எங்கள் பொறுப்பில் இருந்தது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 1960களின் இறுதியில் ஒரு மழைக்காலத்தில் அதன் சாவி தொலைந்தது. வயலிலா, வாய்க்காலிலா, யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துவிடலாம் என்று சிலர் கூறினர். என் தந்தையார் இசையவில்லை. பக்கத்து நகரத்திலிருந்து ஒரு கொல்லரை அழைத்து வந்தார்.

அவர் கொண்டுவந்தவை ஓர் அரம், ஓர் இடுக்கி, வெட்டாத இரும்புச் சாவிகள் நான்கைந்து, ஒரு சிம்னி விளக்கு. வெட்டாத சாவியை விளக்கின் புகையில் காட்டிக் கரி படியச் செய்வார். பூட்டினுள் செலுத்தி மெல்லத் திருப்புவார். வெளியே எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். கரி தேய்ந்த இடம் எதுவோ அங்கே அரத்தால் இரண்டு முறை இழுப்பார். மறுபடியும் புகை, மறுபடியும் பூட்டு. காலையில் தொடங்கியவர், எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குமுன் உண்ணும் வேளை வந்தபோதுதான் முடித்தார். பூட்டுத் திறந்தது. இடையில் இரண்டு சாவிகள் பிழையாகிப் போயிருந்தன. அவர் அவ்விரண்டையும் என் தந்தையாரின் முன்னிலையிலேயே அரத்தால் தேய்த்து மொட்டையாக்கினார். “ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள். கொண்டுவந்தது ஐந்து. இது ஒன்று திறக்கிறது, இவை இரண்டும் பாழ், மற்ற இரண்டும் வெட்டாதவை. என்னிடம் வேறு இல்லை” என்று கைகளை விரித்துக் காட்டினார். சிறுவனாகிய எனக்கு அச்செயலின் பொருள் அப்போது விளங்கவில்லை. சாவி செய்பவர் எந்தக் கதவையும் திறக்க வல்லவர். ஆகவே தாம் திறக்கமாட்டார் என்பதைக் காட்டவும் அவர் கடமைப்பட்டவர். அவர் எந்தச் சமயத்தவர், எந்த விரதம் பூண்டவர் என்று நான் அறியேன். கள்ளாமை என்னும் அணுவிரதத்தை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது அன்றுதான்.

இனி, அந்தக் கைவினை எவ்வாறு பெருந்தொழிலாயிற்று என்பதைப் பார்ப்போம். அதற்கு நாம் அமெரிக்க நாட்டிற்குச் செல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டுக் கதவில் இன்றுள்ள பூட்டு அங்கே ஒரு தந்தையும் மைந்தனும் சிந்தித்ததன் விளைவு.

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் நியூபோர்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1840களில் லைனஸ் யேல் என்பவர் பூட்டுப் பட்டறை நடத்தி வந்தார். 1797ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் செய்தவை பெரும்பாலும் வங்கிகளுக்கான பூட்டுகள். அக்காலத்து வங்கிப் பூட்டு என்பது ஒரு தேர் செய்வதைப் போன்ற வேலை. ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் அமைக்கப்படுவது. ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தாது. விலையும் மிகுதி. வாங்குவோர் சிலர். இத்தகைய தொழிலில் பெயர் பெறலாம், பெருகுதல் அரிது.

அவர் மனத்தில் ஒரு கருத்து இருந்தது. அக்கருத்து மிகப் பழையது. பண்டை எகிப்தில் மரக்கதவுகளுக்கு மரத்தாலேயே தாழ் அமைத்தனர். தாழ்க்கட்டையில் துளைகள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் அத்துளைகளில் விழுந்து தாழை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பல்துலக்கும் தூரிகையைப் போல முளைகள் பதித்த நீண்ட கட்டை ஒன்றுதான் திறவுகோல். அதனை உள்ளே செலுத்தி மேலே தூக்கினால், விழுந்த முளைகள் எழும், தாழ் நகரும். இவ்விடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நம் பழஞ்சொல் திறவுகோல். கோல் என்பதே அதன் உருவத்தைக் காட்டிவிடுகிறது. அது கையளவு நீண்டதொரு பொருள். பூட்டு என்பது ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் என்பவற்றோடு உறவுடைய சொல். ஒன்றை மற்றொன்றோடு பிணைப்பது. சாவி என்னும் சொல்லோ போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்தது. கோலாக இருந்தது சட்டைப்பைக்குள் அடங்கும் சாவியாகச் சுருங்கிய கதையைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூத்த யேல், மேலிருந்து விழும் முளைகள் என்னும் இக்கருத்தை உலோகத்தில் அமைத்துப் பார்த்தார். வேலை செய்தது. ஆயினும் அது எல்லோர் கைக்கும் எட்டும் வடிவத்தை அடையவில்லை. அவர் 1858இல் மறைந்தார். மைந்தருக்கு அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் அந்த நிறைவுறாத கருத்தே பெரிது என்பது என் எண்ணம்.

மைந்தரின் பெயரும் லைனஸ் யேல்தான். 1821இல் பிறந்தவர். அவர் முதலில் பூட்டுத் தொழிலுக்கு வரவில்லை என்பதை இங்குள்ள பெற்றோர் கவனிக்க வேண்டுகிறேன். மனிதர்களின் உருவப்படம் வரைதல் அவருடைய தொழிலாக இருந்தது. ஏறத்தாழ 30ஆம் அகவையில்தான் பூட்டின் பக்கம் திரும்பினார். ஓவியராகக் கழித்த ஆண்டுகள் வீண் என்று அக்காலத்து உறவினர் எவரேனும் பேசியிருக்கக்கூடும். எந்த ஊர் உறவினரும் அப்படித்தானே! ஆனால் ஒரு முகத்தின் மூக்குக்கும் உதட்டுக்கும் இடையேயுள்ள மயிரிழை அளவைப் பார்த்துப் பழகிய கண், பூட்டினுள் உள்ள மயிரிழை அளவையும் பார்க்கும் என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் காலம் பூட்டுத் தொழிலில் ஒரு பெருங்கலக்கம் நிகழ்ந்த காலம். இலண்டன் மாநகரில் ஜோசப் பிராமா என்பவர் 1784இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தம் பூட்டைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசளிக்கப்படும் என்ற அறிவிப்பு அவர் கடைச் சாளரத்தில் பல்லாண்டுகள் இருந்தது. எவரும் திறக்கவில்லை. 1851இல் இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் அங்கே சென்றார். 16 நாள்களில் 51 மணி நேரம் உழைத்துப் பிராமாவின் பூட்டைத் திறந்துவிட்டார். சப் என்னும் குடும்பத்தாரின் புகழ்பெற்ற பூட்டையும் திறந்தார். அசைக்க முடியாதவை என்று வங்கிகள் நம்பியிருந்த பூட்டுகள் ஒரே கோடைகாலத்தில் மதிப்பிழந்தன. ஹாப்ஸ் தம் நிறுவனத்தின் பூட்டே வெல்ல முடியாதது என்றார். சில ஆண்டுகளில் இளைய யேல் அந்தப் பூட்டையும் திறந்துகாட்டி, பூட்டுகளையும் அவற்றைத் திறக்கும் முறைகளையும் பற்றி 1856இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

பூட்டு செய்பவர் பூட்டின் குறையை அச்சிட்டு வெளியிடுவது அன்று பலருக்கு வெறுப்பூட்டியது. இது திருடர்க்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்றனர். மறைத்து வைத்தால் மட்டும் திருடருக்குத் தெரியாதா என்பது மறுதரப்பின் விடை. நான் இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவன். குறையுள்ள பொருளைக் குறையில்லாதது என்று விற்பது கள்ளாமை விரதத்திற்குப் பொருந்துமா என்று எண்ணிப் பாருங்கள். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்திற்கு வரும் மாசுகளாக ஐந்தினைக் காட்டுகிறார். திருடத் தூண்டுதலும் திருட்டுப் பொருளை வாங்குதலும் மட்டும் அல்ல. பொய்யான அளவைகளைக் கையாளுதலும், போலிப் பொருளை நல்ல பொருள்போல் விற்றலும் அவற்றுள் அடங்கும். பிறர் வீட்டுக்குள் நுழையாமல் தன் கடையிலேயே அமர்ந்திருப்பவனும் விரதம் தவறக்கூடும் என்பதை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்!

இளைய யேல் வங்கிகளுக்குச் சாவித்துளையே இல்லாத எண்வட்டுப் பூட்டுகளைச் செய்யத் தொடங்கினார். சாவித்துளை என்ற ஒன்று இருந்தால் அதன் வழியே வெடிமருந்தைச் செலுத்திப் பெட்டகத்தைத் தகர்க்கும் கள்வர் அக்காலத்தில் இருந்தனர். வங்கிக்கு வழி இவ்வாறு கிடைத்தது. சாதாரண வீட்டுக்கு? அதற்காகத்தான் அவர் தந்தை விட்டுச்சென்ற முளைகளிடம் திரும்பினார். 1861இலும் 1865இலும் அவர் பெற்ற காப்புரிமைகளில் இன்றைய உருளைப் பூட்டு உருவாயிற்று.

அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய உருளைக்குள் ஒரு சிறிய உருளை. சிறிய உருளை சுழன்றால் தாழ் நகரும். இரண்டையும் ஊடுருவிச் செங்குத்தாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு முளைகள். அவற்றின்மேல் ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது சுருள்வில் அழுத்துவதால் மேல்முளைகள் இரண்டு உருளைகளுக்கும் குறுக்கே நிற்கும், சுழற்ற இயலாது. தட்டையான சாவியை நுழைக்கும்போது அதன் மேடுபள்ளங்கள் முளைகளைத் தூக்குகின்றன. சரியான சாவி என்றால், மேல்முளையும் கீழ்முளையும் பிரியும் இடம் ஐந்து துளைகளிலும் ஒரே நேரத்தில் உருளையின் விளிம்புக்கோட்டில் வந்து நிற்கும். அப்போது உருளை தடையின்றிச் சுழலும். ஒரே ஒரு முளை மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றாலும் கதவு திறவாது.

பழைய சாவி கதவின் பருமனுக்கு ஏற்ப நீள வேண்டியிருந்தது. இப்பூட்டில் உருளை கதவின் முகப்பிலேயே உள்ளது. உள்ளேயுள்ள தாழோடு அதனை ஒரு சிறு தகடு இணைக்கிறது. ஆகவே கதவு எவ்வளவு தடித்தாலும் சாவி விரலளவே. கோல் சாவியாயிற்று.

ஆனால் இங்கே நிகழ்ந்த பெருமாற்றம் சாவி சிறுத்தது அன்று. சாவி எண் ஆயிற்று. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்; என் உரையின் உயிர்நிலை இதுதான். எங்கள் ஊருக்கு வந்த கொல்லரின் சாவியில் எந்த இடத்தில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது அவர் விரலுக்கும் கண்ணுக்கும் மட்டுமே தெரியும். அதனை அவர் பிறருக்குச் சொல்ல முடியாது. மைந்தனை அருகில் பத்தாண்டு அமர்த்திக் கற்பிக்கத்தான் முடியும். யேலின் சாவியிலோ ஐந்து வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்கும் இன்ன ஆழம் என்று முன்கூட்டியே அளவு வகுக்கலாம். ஆழத்திற்கு ஏழு படிகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு, ஒன்று என்ற ஐந்து எண்களே ஒரு சாவியின் முழு வரலாறு. ஏழு படிகளும் ஐந்து வெட்டுகளும் கணக்குப்படி 16,807 வெவ்வேறு சாவிகளைத் தரும். நடைமுறையில் சில சேர்க்கைகளைத் தவிர்த்துவிடுவர். அப்படியும் ஒரே அச்சில் வார்த்த உருளைகளிலிருந்து ஆயிரமாயிரம் பூட்டுகளை ஒன்றுக்கொன்று வேறாகச் செய்யலாம். முளைகளின் நீளத்தை மாற்றினால் போதும். பித்தளைத் தகட்டில் இயந்திரம் சாவிகளை அழுத்தி வெட்டும். மற்றோர் இயந்திரம் பக்கத்தில் பள்ளம் கீறும். மூன்றாவது இயந்திரம் எண்ணுக்கேற்ப வெட்டும். அறிவு கையிலிருந்து அளவைக்கு மாறியது. அன்றுதான் சாவி செய்தல் பெருந்தொழிலாகும் தகுதியைப் பெற்றது. இயந்திரம் அதற்குப் பின்னே வந்த துணை என்பேன்.

இப்பூட்டை இளைய யேல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்னும் ஊரில் சிறிய அளவில் செய்துகொண்டிருந்தார். அவர் கண்டறிவதில் வல்லவர். ஒரு தொழிற்சாலையை அமைத்து நடத்துவது வேறொரு வித்தை. அந்த வித்தை தம்மிடம் போதாது என்பதை உணரும் அறிவும் அவரிடம் இருந்தது. 1868இல் ஹென்றி டௌன் என்னும் 24 அகவை இளைஞரைக் கூட்டாளியாக ஏற்றார். குருதி உறவினர் அல்லர், பொறியியல் பயின்றவர். அவ்வாண்டு அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் புதிய நிறுவனம் தொடங்கப்பட்டது. திசம்பர் 25ஆம் நாள், தொழில் நிமித்தம் நியூயார்க் சென்றிருந்த யேல் திடீரென்று மாரடைப்பால் காலமானார். அகவை 47. தாம் தொடங்கிய ஆலையில் ஓராண்டுகூட அவர் நடமாடவில்லை.

எல்லாம் யேலின் விரல்களில் மட்டுமே இருந்திருந்தால் அந்நிறுவனம் அன்றே முடிந்திருக்கும். அளவைகள் எழுத்தில் இருந்தன. ஆகவே டௌன் தொடர்ந்தார். 40 ஆண்டுகளுக்கு மேல் அதன் தலைவராக இருந்தார். 1883இல் நிறுவனம் யேல் அண்டு டௌன் என்று பெயர் மாறியது. ஸ்டாம்ஃபோர்டைப் பூட்டு நகரம் என்றே மக்கள் அழைக்கலாயினர். டௌன் மற்றொன்றும் செய்தார். 1886இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தில், பட்டறையை நடத்தும் முறையும் பொறியியலைப் போலவே பயிலத்தக்க ஒரு துறை என்று ஒரு கட்டுரை படித்தார். இன்று நம் பிள்ளைகள் பெரும்பணம் கட்டிப் படிக்கும் மேலாண்மைப் படிப்புக்கு வித்திட்டவற்றுள் ஒன்று அக்கட்டுரை. 1889இல், உற்பத்திச் செலவில் மிச்சமாகும் தொகையில் தொழிலாளர்க்கும் ஒரு பங்கு தரும் முறையை விளக்கி மற்றொரு கட்டுரை அளித்தார். கைத்திறனை இயந்திரத்திற்குக் கொடுத்துவிட்ட தொழிலாளிக்கு எஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு அது ஒரு பகுதி விடை. முழு விடை அன்று.

யேல் குடும்பத்திற்கு எஞ்சியது என்ன? பெயர். உலகின் பல நாடுகளில் கதவுகளின்மேல் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைக் காணலாம். உரிமை கைமாறிக் கைமாறி எங்கெங்கோ சென்றுவிட்டது. ஹாப்ஸிடம் தோற்ற சப் குடும்பத்தாரின் கதை வேறு. 1818இல், எவரேனும் கள்ளச் சாவியிட்டு முயன்றால் அதனை உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டைக் கண்டுபிடித்துத் தொழில் தொடங்கிய அவர்கள், 1851இன் இழிவுக்குப் பின்னும் பூட்டைத் திருத்தினார்கள், பெட்டகம் செய்தார்கள், 1984இல் மற்றொரு நிறுவனம் வாங்கும்வரை அந்தப் பெயரிலேயே தொழில் தனித்து நின்றது. குடும்பமாக நிலைத்தது எது என்று கேட்டால் சப் என்பேன். உலகை மாற்றியது எது என்று கேட்டால் யேல். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்று ஆசைப்படாத தந்தை உண்டா?

அம்பத்தூரில் சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். அவருக்கும் பொறியியல் படித்த அவர் மகனுக்கும் வழக்கு. எந்தப் பொருளுக்கு எந்த அளவு, எந்த வெட்டுக்கு எந்த வேகம் என்பவற்றையெல்லாம் எழுதிக் கணினியில் ஏற்ற வேண்டும் என்கிறான் மகன். “ஐயா, அது என் தலைக்குள் இருக்கும்வரைதான் பட்டறை என்னுடையது. எழுதி வைத்தால் நாளைக்கு வேலை செய்கிற பையனே எதிர்த்தெருவில் கடை போட்டுவிடுவான்” என்கிறார் தந்தை. அவர் அஞ்சுவது வீண் அச்சம் அன்று. அவ்வாறு நிகழ்ந்த பட்டறைகளை அவர் அறிவார். நான் அவருக்கு யேலின் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்த மகன் நாற்பத்தேழு வயதில் போய்விட்டாரே” என்றார். தொழில் போகவில்லையே என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இதுவரை அவர் ஒரு வரியும் எழுதியதாகத் தெரியவில்லை. மகன் தந்தையின் அருகில் நின்று தானே குறித்துக்கொள்கிறான் என்று கேள்விப்படுகிறேன்.

திண்டுக்கல்லை நினைக்கும்போது எனக்கு இந்தத் தந்தையின் முகமே தோன்றுகிறது. அங்கே இரும்புத் தகட்டை வெட்டி, நெம்புகளை ஒவ்வொன்றாக அரத்தால் பொருத்தி, அப்பூட்டுக்கென்றே ஒரு சாவியை இழைத்த கைகள் உலகின் எந்தக் கைக்கும் தாழ்ந்தவை அல்ல. வேற்றுச் சாவியை உள்ளே இட்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டுகளும் அங்கே செய்யப்பட்டன. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் குறைந்த விலைக்கு வந்தபோது, ஒரு பூட்டுக்கு நெடுநேரம் செலவிடும் கை விலையில் ஈடுகொடுக்க இயலவில்லை. பிள்ளைகள் வேறு வேலை தேடினர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு வந்த காலத்தில் பட்டறைகள் பல மூடிக்கிடந்தன. நம்மிடம் திறமைக்குக் குறைவில்லை. அளவையாக எழுதப்படாத திறமை, மைந்தன் வராத நாளில் தந்தையோடு போய்விடுகிறது. நம் சமூகம் இதனை அறியாததன்று. சுவடிகளில் எழுதிவைத்த அறநூல்கள் நமக்குக் கிடைத்தன. எழுதாமல் நாவில் மட்டும் வைத்திருந்த வழிபாட்டுப் பாடல்களில் எத்தனையை நாம் இழந்தோம் என்பதை மூத்தோர் அறிவர்.

இதுவரை பெருந்தொழிலின் பக்கமே பேசிவிட்டேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அந்தக் கொல்லருக்கு நான் தவறிழைத்தவன் ஆவேன். சாவி எண்ணாக மாறியபோது நம்பிக்கையும் இடம் மாறியது. முன்பு ஒரு மனிதரின் கையை நம்பினோம். அவர் கைகளை விரித்துக் காட்டினார். இப்போது சந்தைக் கடையில் ஓர் இளைஞர் நம் சாவியை இயந்திரத்தில் பொருத்தி இரண்டே நிமிடத்தில் மறுபடி வெட்டித் தருகிறார். அது யார் வீட்டுச் சாவி என்று அவர் கேட்பதில்லை, கேட்கவும் நேரமில்லை. வெட்டும் இயந்திரத்திற்கு விரதம் இல்லை. எண்ணைக் குறித்த ஏடு யாரிடம் இருக்கிறதோ அவரே இப்போது கொல்லர். யேலும் டௌனும் இக்கேள்வியை முற்றும் தீர்த்துவிடவில்லை. பெருந்தொழில் வளர்ந்த இடத்திலெல்லாம் இக்கேள்வியும் கூடவே வளர்ந்தது. இன்று வங்கி அட்டையின் இரகசிய எண் வரை வந்து நிற்கிறது.

எங்கள் ஊர் ஜினாலயத்திலும் இக்கேள்வி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திருமேனி அறைக்குப் பாதுகாப்புக் கருதிப் புதிய இரும்புக் கதவும் இரண்டு உருளைப் பூட்டுகளும் அமைத்தனர். பூட்டுகளோடு தனித்தனியே ஒரு சிறிய அட்டை வந்தது. அதில் சாவியின் எண் பொறிக்கப்பட்டிருந்தது. சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் காட்டிப் புதிய சாவி பெறலாம். அட்டைகளை யார் வைத்திருப்பது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு மாலை முழுதும் பேசினோம். இரண்டு அட்டைகளும் ஒருவரிடம் இருந்தால், இரண்டு சாவிகளை இரண்டு வீடுகளில் வைத்ததற்கே பொருளில்லை. கிழித்துவிடலாம் என்றார் ஒருவர். தொலைந்தால் கதவை அறுக்க வேண்டியதுதான் என்றார் மற்றொருவர். இறுதியில் இரண்டு அட்டைகளையும் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, அறக்கட்டளையின் பழைய மரப்பெட்டியில் வைப்பது என்று முடிவாயிற்று. பெட்டிக்குப் பூட்டு வேண்டும் அல்லவா? அறையிலிருந்து கழற்றிய மாங்காய்ப் பூட்டையே அதற்குப் போட்டார்கள். அன்று அந்தக் கொல்லர் புகையில் காட்டிக் காட்டி இழைத்த சாவி, இன்று என் தம்பி வீட்டுப் பூசையறை ஆணியில் தொங்குகிறது.